ஸ்னாப்ஷாட்டில் நின்றுபோன பேக்கப்: எங்கே பார்ப்பது, எதைத் தொடாமல் விடுவது

பேக்கப் எடுப்பதற்காக டிஸ்க்கின் ஒரு கணத்து நிலையை அப்படியே பிடித்து வைப்பதுதான் ஸ்னாப்ஷாட். ‘ஸ்னாப்ஷாட் உருவாக்க முடியவில்லை’ என்று பேக்கப் மென்பொருள் சிவப்பில் எழுதிவிட்டு நின்றால், நம்மவர்கள் முதலில் செய்வது சேர்வரை ரீஸ்டார்ட் பண்ணுவதுதான். அநேகமாக அன்றிரவு பேக்கப் ஓடியும் விடும். இரண்டு கிழமை கழித்து அதே சிவப்பு திரும்ப வரும். வெள்ளிக்கிழமை போயா விடுமுறையும் சனி ஞாயிறும் சேர்ந்த நேரமாகப் பார்த்து வரும், மூன்று நாளைக்கு யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ரீஸ்டார்ட் பண்ணியதும் உள்ளே எல்லாம் புதிதாகத் தொடங்கிவிடுகிறது. எது தடுக்கி விழுந்தது என்று காட்டும் நிலைக்குறிப்புகள் போய்விடும். ஆகவே முதலில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கை வைப்பது அப்புறம்.

கொழும்பில் புறக்கோட்டை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கடைகளிலும் சிறிய அலுவலகங்களிலும் நான் அதிகம் காண்பது ஒரு விண்டோஸ் சேர்வர், அதில் எஸ்கியூஎல் சேர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஓடும் கணக்கு மென்பொருள், பின்னால் செருகிய ஒரு யூஎஸ்பி டிஸ்க். அதனால் விண்டோஸைப் பற்றித்தான் விரிவாக எழுதுகிறேன். வீஎம்வேர், ஹைப்பர்-வீ (ஒரே சேர்வருக்குள் பல வேர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்கள்), லினக்ஸ் எல்லாம் கடைசியில் சுருக்கமாக வரும். கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன், திரையில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

உள்ளே நடப்பது

விண்டோஸில் இந்த வேலையைச் செய்வது வால்யூம் ஷேடோ காப்பி சேர்விஸ், சுருக்கமாக விஎஸ்எஸ். விண்டோஸ் எக்ஸ்பி, சேர்வர் 2003 காலத்தில் வந்தது. இதில் மூன்று தரப்புகளும் நடுவில் ஒரு ஒருங்கிணைப்பாளரும் உண்டு. ஸ்னாப்ஷாட் வேண்டும் என்று கேட்பது பேக்கப் மென்பொருள், அதுதான் ரிக்வெஸ்டர். தன் தரவை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது எஸ்கியூஎல் போன்ற செயலியின் ரைட்டர். உண்மையில் ஸ்னாப்ஷாட்டைப் பிடிப்பது புரொவைடர். இவர்களைப் பேச வைப்பது விஎஸ்எஸ் சேவை.

கடையில் ஸ்டொக் எடுக்கும்போது ‘கொஞ்ச நேரத்துக்குச் சாமான் வெளியே கொடுக்காதீங்க’ என்று சொல்வோமே, அதே ஏற்பாடுதான். விஎஸ்எஸ் ரைட்டர்களிடம் எழுதுவதை நிறுத்தச் சொல்லும். செயலிகளை இப்படி நிறுத்தி வைக்க அதிகபட்சம் 60 விநாடி. அதற்குள் கோப்பு முறைமையின் பஃபர்கள் (எழுதக் காத்திருக்கும் தரவு) டிஸ்க்கில் எழுதப்பட வேண்டும். ஸ்னாப்ஷாட் பிடிபடும் கணத்தில் டிஸ்க்கில் எழுதுவது முழுதாக நிற்கும், அதற்கு 10 விநாடிக்கு மேல் இல்லை. இதில் ஒருவர் பிந்தினாலும் முழு முயற்சியும் கைவிடப்படும். பேக்கப் மென்பொருளுக்கு வந்து சேர்வது ‘முடியவில்லை’ என்ற ஒரு சொல் மட்டுமே.

இன்னொன்று. விண்டோஸோடு வரும் புரொவைடர் முழு டிஸ்க்கையும் கொப்பி எடுப்பதில்லை. ஸ்னாப்ஷாட் பிடித்த பிறகு ஒரு பகுதி மாறப்போகிறது என்றால், பழைய உள்ளடக்கத்தை 16 கிலோபைட் துண்டுகளாக ஷேடோ ஸ்டோரேஜ் என்ற இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டுத்தான் புதியதை எழுத விடும். அந்த இடமும் வழக்கமாக அதே டிஸ்க்கில்தான். டிஸ்க் போனால் ஸ்னாப்ஷாட்டும் போகும். ‘சேர்வரில் ஷேடோ காப்பி ஓடுதுதானே, பேக்கப் எதுக்கு?’ என்று கேட்கும் முதலாளிகளுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல்) உள்ளே வந்தால் முதல் வேலையாக ஷேடோ காப்பிகளை அழிப்பதும் வழக்கம்.

படி 1: தடயத்தைப் பிடித்து வையுங்கள்

கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இந்த நான்கையும் ஓட்டி, வருவதை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் சேமியுங்கள்: ‘விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்’, ‘லிஸ்ட் புரொவைடர்ஸ்’, ‘லிஸ்ட் ஷேடோஸ்’, ‘லிஸ்ட் ஷேடோஸ்டோரேஜ்’. பின்னைய மூன்றுக்கும் முன்னால் அதே ‘விஎஸ்எஸ்அட்மின்’தான்.

அடுத்தது ஈவென்ட் வியூவர். அப்ளிகேஷன் பதிவில் விஎஸ்எஸ், எஸ்கியூஎல்விடிஐ, எஸ்கியூஎல்ரைட்டர் என்ற மூலங்களையும், சிஸ்டம் பதிவில் வால்ஸ்நாப், டிஸ்க், என்டிஎஃப்எஸ் என்ற மூலங்களையும் பாருங்கள். பேக்கப் தொடங்கிய நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னிருந்து வாசியுங்கள். பலர் கடைசியாக வந்த சிவப்பைப் பிடித்துத் தொங்குகிறார்கள். அது பெரும்பாலும் பேக்கப் மென்பொருளின் புலம்பல். காரணம் அதற்குச் சில விநாடிகளுக்கு முன் வந்த முதல் பிழையில் இருக்கும்.

விஎஸ்எஸ் 8194 என்ற எண்ணைக் கண்டு கலங்க வேண்டாம். அனுமதி மறுப்பு என்று பயங்கரமாக எழுதியிருக்கும். ஆனால் நன்றாக ஓடும் சேர்வர்களிலும் இது வந்துகொண்டே இருக்கும். பேக்கப் வெற்றியான இரவுகளிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

படி 2: பிழை எண்ணை வாசியுங்கள்

விஎஸ்எஸ் பிழைகள் 8004 என்று தொடங்கும், கடைசி நான்கு இலக்கம்தான் முக்கியம். 2316 என்றால் வேறொரு ஸ்னாப்ஷாட் வேலை அதே நேரத்தில் நடக்கிறது. 2313, 2314 இரண்டும் நேரம் போதாமை: முதலாவது பஃபரை எழுதி முடிக்க முடியவில்லை, இரண்டாவது டிஸ்க்கில் எழுதுவதை நிறுத்திப் பிடிக்க முடியவில்லை. இரண்டிலும் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். 2306 என்றால் புரொவைடர் மறுத்துவிட்டது. 2317 என்றால் ஸ்னாப்ஷாட் எண்ணிக்கை எல்லையைத் தொட்டுவிட்டது (ஒரு வால்யூமுக்கு, அதாவது டிஸ்க்கின் ஒரு பிரிவுக்கு, 512). 23எஃப்2, 23எஃப்3, 23எஃப்4 ஆகியவை ரைட்டர் பக்கத்துப் பிழைகள். எஃப்2 நேரம் கடந்தது, எஃப்3 மறுபடி முயன்றால் சரிவரலாம், எஃப்4 காரணத்தை நீக்காமல் எத்தனை தரம் ஓட்டினாலும் அதேதான்.

படி 3: ரைட்டர்கள்

ரைட்டர் பட்டியலில் ஒவ்வொன்றும் ‘ஸ்டேபிள்’, ‘நோ எரர்’ என்று இருக்க வேண்டும். ‘ஃபெயில்ட்’, ‘டைம்ட் அவுட்’ என்று இருப்பதை வட்டமிடுங்கள். பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்தால் ‘வெயிட்டிங் ஃபார் கம்ப்ளீஷன்’ என்று இருப்பது இயல்பு.

ஒவ்வொரு ரைட்டரும் ஒரு விண்டோஸ் சேவைக்குள் வாழ்கிறது. அந்தச் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணினால் போதும், முழு சேர்வரையும் இறக்கத் தேவையில்லை. சிஸ்டம் ரைட்டருக்கு கிரிப்டோகிராஃபிக் சேர்விசஸ். டபிள்யூஎம்ஐ ரைட்டருக்கு விண்டோஸ் மேனேஜ்மென்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன். ரெஜிஸ்ட்ரி ரைட்டருக்கும் காம் பிளஸ் ரைட்டருக்கும் வால்யூம் ஷேடோ காப்பி சேவையே. ஹைப்பர்-வீ ரைட்டருக்கு வேர்ச்சுவல் மெஷின் மேனேஜ்மென்ட். எஸ்கியூஎல் ரைட்டருக்கு எஸ்கியூஎல் சேர்வர் விஎஸ்எஸ் ரைட்டர். இது டேட்டாபேஸ் சேவையிலிருந்து தனியானது, இதை நிறுத்தித் தொடங்கினால் பில் போடுவது நிற்காது. முதலாளிக்கு இதைச் சொல்லிவிட்டுச் செய்தால் நிம்மதியாக இருப்பார். விதிவிலக்கு டொமைன் கன்ட்ரோலரின் (அலுவலகத்தின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் சேர்வர்) என்டிடிஎஸ் ரைட்டர். அது விழுந்திருந்தால் அந்த சேர்வரை வேலை நேரத்துக்கு அப்பால் ரீஸ்டார்ட் பண்ணுவதுதான் நல்லது.

எஸ்கியூஎல் ரைட்டரில் ஒரு விசித்திரமான பழுது உண்டு. கெய்சர் வீதிப் பக்கம் ஒரு புடைவைக் கடையின் கணக்காளர் ஏப்ரல் நடுவில் போன் எடுத்தார்.

“தம்பி, இந்த மாசம் தொடங்கினதிலயிருந்து பேக்கப் சிவப்பாத்தான் கிடக்கு. நாங்க ஒண்டும் மாத்தேல்லை.”

“ஐயா, புது வருசக் கணக்குத் திறந்தீங்களா?”

“அது ஒவ்வொரு வருசமும் திறக்கிறதுதானே. அதுக்கும் இதுக்கும் என்ன?”

நம் நாட்டில் கணக்கு ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஏப்ரலில் புதிய டேட்டாபேஸ் உருவாக்கும்போது, பெயரை எக்செல் கலத்திலிருந்து கொப்பி பண்ணி ஒட்டியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. டேட்டாபேஸ் பெயரின் முன்னோ பின்னோ இடைவெளி இருந்தால் எஸ்கியூஎல் ரைட்டர் தடுமாறும். பல நேரம் ரைட்டர் பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடும். சேவை ஓடிக்கொண்டிருக்கிறது, பட்டியலில் மட்டும் பெயர் இல்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எஸ்கியூஎல்லில் ‘லென்’ என்ற சார்பு பின்னால் வரும் இடைவெளியை எண்ணாது, ‘டேட்டாலெங்த்’ எண்ணும். பெயரில் ஒரு எழுத்துக்கு இரண்டு பைட். ஆகவே சிஸ் டேட்டாபேசஸ் பட்டியலில் டேட்டாலெங்த்தை இரண்டால் வகுத்து லென்னோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே பொருந்தவில்லையோ அந்தப் பெயர்தான் குற்றவாளி. முன்னால் வரும் இடைவெளி இந்தக் கணக்கில் மாட்டாது, அதற்குப் பெயரின் இரு பக்கமும் ஒரு குறியை ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். பெயரை மாற்ற எல்லாரும் வெளியேற வேண்டும், கணக்கு மென்பொருளின் இணைப்பு அமைப்பிலும் புதிய பெயரைக் கொடுக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் முடித்துவிடலாம்.

படி 4: இடம்

ஷேடோஸ்டோரேஜ் பட்டியலில் மூன்று எண்கள் வரும்: பயன்பட்டது, ஒதுக்கப்பட்டது, உச்சவரம்பு. பயன்பட்டது உச்சவரம்பை நெருங்கியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. சிஸ்டம் பதிவில் வால்ஸ்நாப் 36 இருந்தால், யாரோ வைத்த வரம்பு போதவில்லை. வால்ஸ்நாப் 25 இருந்தால் வேறு கதை: இடத்தைப் பெருக்க நேரம் போதாமல் பழைய ஷேடோ காப்பிகள் அழிக்கப்பட்டுவிட்டன. இது டிஸ்க் மெதுவாக இருப்பதையும் காட்டும்.

‘விஎஸ்எஸ்அட்மின் ரீசைஸ் ஷேடோஸ்டோரேஜ்’ கட்டளையால் வரம்பை உயர்த்தலாம். 320 மெகாபைட்டுக்குக் குறைவாக ஏற்காது. பில்லிங் சேர்வருக்கு வால்யூமின் பத்துப் பதினைந்து வீதம் கொடுத்துவிட்டு அதை மறந்துவிடுங்கள் என்பது என் பழக்கம். வரம்பில்லாமல் விடுவதை நான் விரும்புவதில்லை, ஒருநாள் டேட்டா டிஸ்க்கையே அடைத்துவிடும்.

டி டிரைவில் இடம் தாராளமாக இருந்தும் தோல்வி வந்தால், சின்னப் பார்ட்டிஷன்களைப் பாருங்கள். முழு சிஸ்டம் இமேஜ் எடுக்கும்போது ‘சிஸ்டம் ரிசேர்வ்ட்’, ரிக்கவரி பார்ட்டிஷன்களையும் சேர்த்துத்தான் ஸ்னாப்ஷாட் எடுக்கப்படும். 500 மெகாபைட்டுக்குச் சிறிய வால்யூமில் 50 மெகாபைட்டாவது காலியாக வேண்டும், அதைவிடப் பெரியதில் 320. 500ஐச் சற்றே தாண்டிய ரிக்கவரி பார்ட்டிஷன்கள் இந்த இரண்டாவது விதியில் மாட்டி நிற்பதுண்டு. அவற்றுக்கு டிரைவ் எழுத்து இல்லாததால் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

பழைய ஷேடோக்களை அழிப்பதென்றால் மிகப் பழையதிலிருந்து ஒவ்வொன்றாக அழியுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்தால் கோப்புகளின் ‘முந்தைய பதிப்புகள்’ அத்தனையும் போய்விடும். ரான்சம்வேர் பயன்படுத்தும் கட்டளையும் அதுவே என்பதால் பாதுகாப்பு மென்பொருள் உங்களையே பிடித்து நிறுத்தவும் கூடும்.

படி 5: நேரமும் டிஸ்க்கும்

இரவு 11 மணிக்கு பேக்கப், அதே 11 மணிக்கு வைரஸ் ஸ்கேன், அதே 11 மணிக்கு எஸ்கியூஎல் இன்டெக்ஸ் பராமரிப்பு. யாருக்கும் பிடித்த நேரம் அதுதான் போலும். போதாக்குறைக்கு சிசிடிவி பதிவையும் அதே டிஸ்க்கில் எழுத விட்டிருப்பார்கள். 10 விநாடிக்குள் டிஸ்க் மூச்சு விட முடியாது. வேலைகளை ஒன்றுக்கொன்று ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், சிசிடிவியை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். 2313, 2314 பிழைகளில் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிடும்.

அடங்கவில்லையென்றால் டிஸ்க்கே நோயாளி. சிஸ்டம் பதிவில் டிஸ்க் 7 என்றால் கெட்ட பகுதி. டிஸ்க் 153 என்றால் எழுதுவதையோ வாசிப்பதையோ திரும்ப முயல வேண்டியிருந்தது. 129 என்றால் கன்ட்ரோலர் டிஸ்க்கை மீட்டமைத்தது. என்டிஎஃப்எஸ் 55 என்றால் கோப்பு முறைமை குழம்பியிருக்கிறது. 7 கண்டால் முதலில் முக்கியமான கோப்புகளைக் கையால் வேறு இடத்துக்குக் கொப்பி பண்ணுங்கள். டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையை அதற்குப் பிறகுதான் ஓட்ட வேண்டும், அதுவும் முதலில் ‘ஸ்கேன்’ என்ற தெரிவோடு. திருத்தும் தெரிவு சாகக் கிடக்கும் டிஸ்க்கை இன்னும் வேகமாகக் கொல்லும்.

நம் ஊரில் இதற்கும் கரண்டுக்கும் நேரடித் தொடர்பு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த நாட்களில் தேய்ந்த யூபிஎஸ் பேட்டரிகள் பல இடங்களில் இன்னும் அப்படியே இருக்கின்றன. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டது, ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடைக்காரர் பலர் தப்பினார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போன டிஸ்க்கில் என்டிஎஃப்எஸ் 55 வருவது ஆச்சரியமில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் தொடங்குமுன் பேட்டரியைச் சோதித்து வையுங்கள்.

படி 6: இரண்டு பேக்கப், பழைய புரொவைடர்

பிழை 2316 என்றால் யாரோ முந்திவிட்டார்கள். விண்டோஸின் சொந்த பேக்கப்பும் வாங்கிய மென்பொருளும் ஒரே நேரத்தில் ஓடுகின்றனவா, முன்னைய டெக்னீஷியன் வைத்த ஷெட்யூல் இன்னும் டாஸ்க் ஷெட்யூலரில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை நிறுத்துங்கள்.

புரொவைடர் பட்டியலில் ‘மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர் ஷேடோ காப்பி புரொவைடர்’ கட்டாயம் இருக்கும். அதைவிட வேறு பெயர்கள் இருந்தால் அவை எந்த மென்பொருளுடையவை என்று அடையாளம் காணுங்கள். எப்போதோ நீக்கிய ட்ரையல் பேக்கப் மென்பொருள் தன் புரொவைடரை விட்டுச் சென்றிருக்கலாம். ரெஜிஸ்ட்ரியில் நேரே கை வைக்காமல், அதே மென்பொருளைத் திரும்ப நிறுவி முறைப்படி நீக்குவது பாதுகாப்பானது.

இணையத்தில் கிடைக்கும் ஒரு பழைய கட்டளைத் தொகுப்புக் கோப்பை (batch file) பற்றியும் சொல்ல வேண்டும். விஎஸ்எஸ்ஸின் டிஎல்எல் கோப்புகளை வரிசையாகத் திரும்பப் பதிவு செய்யும். அது சேர்வர் 2003 காலத்து வைத்தியம். விஸ்டா, சேர்வர் 2008க்குப் பிறகு வந்த விண்டோஸ்களில் ஓட்டக்கூடாது, இருக்கிற பதிவுகளையே அது குழப்பிவிடும்.

வேர்ச்சுவல் மெஷின்களும் லினக்ஸும்

வீஎம்வேரில் பேக்கப் ‘குவைஸ்’ பண்ண (ஸ்னாப்ஷாட்டுக்காகச் செயலிகளை எழுதாமல் நிறுத்தி வைக்க) முடியவில்லை என்று சொன்னால், பேக்கப் மென்பொருளை ஒதுக்கிவிட்டு வீஸ்பியர் திரையிலிருந்தே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துப் பாருங்கள். மெமரியை எடுத்துவிட்டு, குவைஸ் தெரிவை மட்டும் குறியிடுங்கள். அதுவும் தோற்றால் பிரச்சினை விண்டோஸுக்குள், படி 3க்குப் போங்கள். வீஎம்வேர் டூல்ஸ் பழையதா என்றும் பாருங்கள். அந்த ஸ்னாப்ஷாட் வென்றால் பேக்கப் மென்பொருளின் அனுமதிகளையும் இணைப்பையும் தேடுங்கள். சோதித்த ஸ்னாப்ஷாட்டை நீக்க மறக்காதீர்கள். ஒன்றை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பது வீஎம்வேரின் சொந்த அறிவுரை. மாற்றங்கள் சேரும் டெல்டா கோப்பு வளர்ந்து டேட்டாஸ்டோரை (மெஷின்களின் கோப்புகள் இருக்கும் இடம்) நிரப்பினால் மெஷினே நின்றுவிடும்.

ஹைப்பர்-வீயில் மெஷினின் இன்டக்ரேஷன் சேவைகளில் பேக்கப் என்பது குறியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏவிஎச்டிஎக்ஸ் என்று முடியும் கோப்புகள் கிடந்தால் ஃபோல்டருக்குள் போய் அழிக்கவே வேண்டாம். இன்றைய தரவு அதற்குள்தான் இருக்கிறது. ஹைப்பர்-வீ மேனேஜரிலிருந்து செக்பாயின்டை (ஹைப்பர்-வீயில் ஸ்னாப்ஷாட்டின் பெயர்) நீக்கினால் அது தானாக ஒன்றிணையும்.

லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பங்கிடும் எல்விஎம்மில் ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் 100 வீதம் நிரம்பிய கணத்தில் அது செல்லாததாகிவிடும். பேக்கப் ஓடும்போது ‘எல்விஎஸ்’ கட்டளையில் டேட்டா வீதத்தைக் கவனியுங்கள். தானாக வளரும் வசதி உண்டு, ஆனால் அதன் தொடக்க எல்லை 100 என்று வைக்கப்பட்டிருப்பதால் அது வேலை செய்யாது. எல்விஎம் அமைப்புக் கோப்பில் 70 என்று குறையுங்கள். வால்யூம் குரூப்பில் காலி இடம் இருந்தால்தான் இதுவும் நடக்கும், ‘விஜிஎஸ்’ காட்டும். எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் ஸ்னாப்ஷாட்டை மவுன்ட் பண்ண மறுத்தால் ‘நோயூயூஐடி’ தெரிவைச் சேருங்கள்.

படி 7: தனியாகச் சோதித்து, பிறகு மீட்டுப் பாருங்கள்

திருத்திய பின் பேக்கப்பை ஓட்டுமுன், ஸ்னாப்ஷாட்டை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். விண்டோஸ் சேர்வரில் ‘விஎஸ்எஸ்அட்மின் கிரியேட் ஷேடோ’ இருக்கிறது, ரைட்டர்களையும் சேர்த்துச் சோதிக்க ‘டிஸ்க்ஷேடோ’ இன்னும் நல்லது. விண்டோஸ் 10, 11இல் இவை இல்லை. சிஸ்டம் புரொடெக்ஷனில் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்கிப் பார்த்தாலே போதும். பகலில் ஒருமுறை, பழைய பேக்கப் நேரத்தில் ஒருமுறை எடுங்கள். பகலில் வென்று இரவில் தோற்றால் படி 5 இன்னும் முடியவில்லை.

இரண்டும் வென்றபின் முழு பேக்கப்பை ஓட்டுங்கள். பச்சை வந்ததும், அந்த பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸை வேறொரு கம்பியூட்டரில் மீட்டு, டேட்டாபேஸ் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்கும் ‘டிபிசிசி செக்டிபி’ கட்டளையை ஓட்டுங்கள். பிழை இல்லையென்றால் கணக்காளரையே கூப்பிட்டு, நேற்றுக் கடை பூட்டுமுன் போட்ட கடைசி பில்லைத் திறந்து, இலக்கமும் தொகையும் கையிலிருக்கும் ரசீதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.